பூந்தமல்லியா, பூவிருந்தவல்லியா? பஸ் போர்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கதை

கோயம்பேட்டிலோ கிண்டியிலோ நின்றால் நிமிடத்துக்கு ஒரு தடவை காதில் விழும் பெயர் அது. "பூந்தமல்லி... பூந்தமல்லி..." என்று கண்டக்டர் கூவுவார். அரசு ஆவணத்தில் பார்த்தால் 'பூவிருந்தவல்லி' என்று இருக்கும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து இறங்கியவர்கள் இரண்டும் வேறு வேறு ஊர் என்று நினைத்து பஸ்ஸை விட்ட கதைகூட உண்டு.

இரண்டும் ஒரே ஊர்தான். 54-ல் ஏறினாலும், 101-ல் ஏறினாலும், தாம்பரத்திலிருந்து 66-ல் வந்தாலும் கடைசியில் இறங்குவது அங்கேதான். பெரும்பாலானவர்களுக்கு அது ஸ்ரீபெரும்புதூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ பெங்களூருக்கோ போகும் வழியில் டிராஃபிக்கில் சிக்கும் ஒரு ஊர். அவ்வளவுதான். ஆனால், சென்னை என்ற நகரம் உருவானதற்கே காரணமான பேச்சுவார்த்தையில் இந்த ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. ராமானுஜர் வீட்டைவிட்டு வெளியேறிய கதை இந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. 26 பேருக்கு ஒரே நாளில் தூக்குத் தண்டனை வாசிக்கப்பட்டதும் இங்கேதான். கனடாவில் இதே பெயரில் ஒரு இடமும் இருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

ஊரின் நடுவில் இருக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. பூவில் இருந்த வல்லி, அதாவது பூவிருந்தவல்லி. இதுதான் கோயில் தரப்பு சொல்லும் விளக்கம். பேச்சுவழக்கில் அது தேய்ந்து பூந்தமல்லி ஆனது. மல்லிகைத் தோட்டங்கள் நிறைந்த ஊர் என்பதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆங்கிலேயர்கள் தங்கள் நாக்குக்கு வந்தபடி அதை 'பூனமல்லி' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கில போர்டுகளில் இன்றும் அதுதான் இருக்கிறது.

எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் பூ வந்துவிடுகிறது. இதில் தற்செயல் எதுவும் இல்லை. ஊரின் மிகப் பிரபலமான மனிதரின் வேலையே பூப் பறிப்பதுதான்.

தினமும் காஞ்சிக்கு நடந்தவர்

திருக்கச்சி நம்பி. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிறந்தது பூந்தமல்லியில், வைசியக் குடும்பத்தில். இங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, அதை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போவார். அங்கே பெருமாளுக்கு விசிறி வீசுவது அவருடைய பணி. வைணவ மரபில் இதற்கு 'ஆலவட்ட கைங்கர்யம்' என்று பெயர். விசிறும்போது பெருமாள் அவரிடம் சாதாரணமாகப் பேசுவார் என்பது நம்பிக்கை.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் இன்றைய சாலையில் 50 கிலோமீட்டருக்கும் மேல். அதை நடந்தே கடந்தார் என்கிறது தலவரலாறு. வயதான பிறகு நடக்க முடியாமல் போனது. அப்போது, 'நீ வர வேண்டாம், நானே வருகிறேன்' என்று பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார், அந்த இடம்தான் இப்போதைய கோயில் என்று கதை முடிகிறது. காஞ்சி வரதர், திருமலை வேங்கடவன், ஸ்ரீரங்கம் ரங்கநாதர் என மூன்று பெருமாளையும் ஒரே இடத்தில் தரிசிக்கலாம் என்பது இந்தக் கோயிலின் பெருமை. ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு, பாஸே வீட்டுக்கு வந்த முதல் சம்பவம் என்று யாராவது மீம் போட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆனால் நம்பி முக்கியமாவது இந்த அற்புதத்தால் மட்டும் அல்ல.

பூந்தமல்லியிலிருந்து அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். இளைஞரான ராமானுஜர் காஞ்சியில் இருந்தபோது நம்பியைத் தன் குருவாக நினைத்தார். பிறப்பால் பிராமணரான அவர், வைசியரான நம்பியின் காலில் விழத் தயாராக இருந்தார். நம்பி சம்மதிக்கவில்லை. சரி, அவர் சாப்பிட்ட மிச்சத்தையாவது உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு, ராமானுஜர் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார்.

வைணவ நூல்கள் சொல்லும் கதைப்படி, நடந்தது வேறு. ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்தார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் சாப்பாடு போட்டார். நம்பி சாப்பிட்டுக் கிளம்பியதும், இலையை எடுத்துப் போட்டு, அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு, கணவருக்கு மறுபடி புதிதாகச் சமைக்க ஆரம்பித்தார். திரும்பி வந்த ராமானுஜர் பார்த்தது இதைத்தான்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது எளிது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அவர் செய்தார். ஆனால் ராமானுஜருக்கு அது உறுத்தியது. இதுபோன்ற சில சம்பவங்கள் சேர்ந்துதான் அவரைத் துறவறத்தின் பக்கம் தள்ளின என்று அந்த நூல்களே சொல்கின்றன. வைணவத்தில் ராமானுஜர் செய்த மாற்றங்களைப் பற்றி இன்று யார் பேசினாலும், அதன் ஆரம்ப அத்தியாயத்தில் ஒரு பூந்தமல்லிக்காரர் சாப்பிட்ட இலை இருக்கிறது.

நம்பிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தன் மனதில் இருந்த சந்தேகங்களுக்குப் பெருமாளிடம் பதில் கேட்டுச் சொல்லும்படி ராமானுஜர் இவரிடம்தான் கேட்டார். பெருமாள் சொன்னதாக நம்பி கொண்டுவந்து கொடுத்த பதில்கள் 'ஆறு வார்த்தைகள்' என்று இன்றும் வைணவர்களிடம் பிரபலம். 'தேவராஜ அஷ்டகம்' என்ற வடமொழித் துதி இவர் எழுதியது.

சுற்றிலும் இதே மாதிரி ஆட்கள்தான். பக்கத்து ஊரான திருமழிசை, பிரம்பு அறுப்பவர் வீட்டில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் திருமழிசை ஆழ்வாரின் ஊர். திருவேற்காட்டில் பிறந்தவர் 63 நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார். இவர் சூதாடி ஜெயித்த பணத்தில் சிவனடியார்களுக்குச் சோறு போட்டவர். சென்னையின் மேற்குப் பக்கத்தில் பக்தி இயக்கம் ரொம்பவே தரையில் கால் வைத்து நடந்திருக்கிறது.

சென்னையை 'விற்ற' குடும்பம்

1639. கிழக்கிந்திய கம்பெனிக்காரரான பிரான்சிஸ் டே, சோழமண்டலக் கடற்கரையில் துணி வாங்க வசதியான இடம் தேடிக்கொண்டிருந்தார். அப்போது இந்தப் பகுதி விஜயநகரத்தின் மிச்சசொச்ச ஆட்சியில் இருந்தது. வந்தவாசியை மையமாக வைத்து தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அதிகாரம் செலுத்திவந்தார். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்த இடம் எது தெரியுமா? பூந்தமல்லி.

கடற்கரைப் பகுதியைப் பார்த்துக்கொண்டது இந்த ஐயப்ப நாயக்கர்தான். ஆங்கிலேயரோடு பேசி, மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள வழிசெய்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நாயக்க சகோதரர்களின் அப்பா பெயர் சென்னப்ப நாயக்கர். 'சென்னப்பட்டணம்' என்ற பெயர் அவர் நினைவாக வந்தது என்பது பரவலான கருத்து. ஆகஸ்ட் 22-ம் தேதி சென்னை தினம் என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்கள், அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்த பூந்தமல்லியையும் ஒரு தடவை டேக் செய்யலாம்.

அப்போதைய நிலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இன்று பாரிமுனை நகரத்தின் மையம், பூந்தமல்லி அதன் ஓரம். அன்று அப்படியே தலைகீழ். அதிகாரம் பூந்தமல்லியில் இருந்தது. கடற்கரையில் இருந்தவர்கள் அனுமதி கேட்டு நிற்பவர்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் கோல்கொண்டா சுல்தானின் படை இந்தப் பகுதியைப் பிடித்தது. அப்போதும் பூந்தமல்லி நிர்வாகத் தலைமையிடமாகவே தொடர்ந்தது. ஊரில் உள்ள பழைய பள்ளிவாசல் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதன் கல்வெட்டில் உள்ள ஆண்டு 1653. புனித ஜார்ஜ் கோட்டையே கட்டி முடித்து அதிக காலம் ஆகாத சமயம் அது.

1670-களின் இறுதியில் பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரியாக இருந்தவர் லிங்கப்பா. கம்பெனி ஆவணங்களில் இவர் பெயர் வரும் இடமெல்லாம் புலம்பல்தான். காரணம், பணம் கேட்பார். கொடுக்காவிட்டால் கோட்டைக்குப் போகும் சரக்கை வழியில் நிறுத்திவிடுவார். உள்நாட்டிலிருந்து துணியும் அரிசியும் கோட்டைக்குப் போக பூந்தமல்லி வழி முக்கியம் என்பதால், வெள்ளைக்காரர்கள் பேரம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. சுங்கச்சாவடியில் இன்று நாம் புலம்புவதற்கு ஒரு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம்.

18-ம் நூற்றாண்டில் காட்சி மாறியது. பூந்தமல்லிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கர்நாடகப் போர்களில், சென்னைக்கு மேற்கே காவல் இருந்த சிறிய கோட்டைகளில் இதுவும் ஒன்று. 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளை உள்ளடக்கிய ஜாகீரை கம்பெனிக்குக் கொடுத்த பிறகு, அனுமதி கேட்டு நின்றவர்களே முதலாளிகள் ஆனார்கள்.

சாவடிகளின் சாலை

மதுரவாயல் தாண்டியதும் பஸ் ஸ்டாப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். மாட்டுவண்டியிலும் நடந்தும் போனவர்களுக்காக இருந்த சாவடிகளின் பெயர்தான் இன்று ஸ்டாப் பெயர். ஊருக்குள் இருக்கும் பிரதான வீதியின் பெயர் ட்ரங்க் ரோடு.

சென்ட்ரல் பக்கத்திலிருந்து கிளம்பும் பூந்தமல்லி ஹைரோடுக்கு இந்த ஊரின் பெயர் ஏன் வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். சாலை எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த ஊரின் பெயர். பிறகு அது பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஆனது. 2021 ஏப்ரலில் நெடுஞ்சாலைத் துறை இணையதளத்தில் அது 'கிராண்ட் வெஸ்டர்ன் ட்ரங்க் ரோடு' என்று மாறியிருந்ததைப் பார்த்து பெரிய சர்ச்சை வெடித்ததும் நினைவிருக்கலாம். இத்தனைக்கும் நடுவில் ஆட்டோக்காரர் கேட்பது இன்றும் "பூந்தமல்லி ஹைரோடா சார்?" என்றுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லி ஒரு கண்டோன்மென்ட். கப்பலில் புதிதாக வந்து இறங்கிய சிப்பாய்கள், நோயிலிருந்து தேறிவருபவர்கள், பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பக் காத்திருப்பவர்கள் என வெள்ளைக்கார ராணுவத்தினர் வந்து தங்கும் டிப்போவாக நீண்ட காலம் இருந்தது.

இந்த 'தங்கவைக்கும்' குணம் ஊரை விட்டுப் போகவே இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த பலரை முதலில் தனிமைப்படுத்தி வைத்த இடங்களில் பூந்தமல்லியும் ஒன்று. அதே ஆண்டு மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது, காய்கறிக் கடைகள் மொத்தமாக வந்து சேர்ந்தது பக்கத்துத் திருமழிசையில். செப்டம்பர் இறுதி வரை சென்னைக்கு வெங்காயமும் தக்காளியும் இந்தச் சாலையில்தான் போனது.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் பூந்தமல்லியின் முக்கிய அடையாளம். தென்னிந்தியாவுக்கான தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையமும் இதே ஊரில் இருக்கிறது. ட்ரங்க் ரோட்டில் வெள்ளைக் குச்சியோடு இரண்டு மூன்று பேராகச் சாலையைக் கடக்கும் மாணவர்களை உள்ளூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். லாரிகள் உறுமும் அந்தச் சாலையில் நல்ல கண் உள்ளவர்களுக்கே கடப்பது சவால். ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் நடைபாதையில் பைக்கை நிறுத்தாமல் இருந்தாலே அது ஒரு உதவி.

1998 ஜனவரி 28

பூந்தமல்லி என்றதும் 90-களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது கோயில் அல்ல, கோர்ட்.

1991 மே 21 இரவு. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ராஜீவ் காந்தி, போரூரிலும் பூந்தமல்லியிலும் நின்றுவிட்டுத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படுகொலை வழக்கின் விசாரணை நடந்தது அவர் கடந்துபோன இதே பூந்தமல்லியில், தடா சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றத்தில்.

விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. பத்திரிகையாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. குற்றப்பத்திரிகையில் இருந்த 41 பேரில் 12 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், 3 பேர் தலைமறைவு. மீதி 26 பேர் கூண்டில். அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்பு சொன்னார். 26 பேருக்கும் தூக்கு.

ஒருவருக்குக்கூடக் குறைந்த தண்டனை இல்லை என்பது நாடு முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 3 பேருக்கு ஆயுள், 4 பேருக்கு மட்டும் தூக்கு உறுதியானது. பிறகு அந்தத் தூக்கும் ஆயுளாகக் குறைந்தது. கடைசியில் 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் மற்ற 6 பேரும் விடுதலையானார்கள். பூந்தமல்லியில் வாசிக்கப்பட்ட 26 தூக்குத் தண்டனைகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. மரண தண்டனை பற்றி தமிழ்நாட்டில் எப்போது விவாதம் வந்தாலும் இந்த எண்ணைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

அதே காலகட்டத்தில் இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாமும் செங்கல்பட்டைப் போல பூந்தமல்லியில் இயங்கியது. வெடிகுண்டு வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமும், என்.ஐ.ஏ. வழக்குகளும் என பிறகும் இந்த ஊரின் பெயர் தலைப்புச் செய்தியில் வந்துகொண்டே இருந்தது.

கனடாவில் ஒரு பூந்தமல்லி

இது கொஞ்சம் ஜாலியான பகுதி. கூகுள் மேப்பில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'பூனமாலீ' என்று தேடிப் பாருங்கள். ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரிடோ கால்வாயின் 32-வது மதகு நிலையத்தில் போய் நிற்கும்.

அமெரிக்காவோடு மறுபடி போர் வந்தால் படைகளையும் பொருட்களையும் பத்திரமாகக் கொண்டுபோக, ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைத்து ஆங்கிலேய ராணுவப் பொறியாளர்கள் வெட்டிய 202 கிலோமீட்டர் நீர்வழி அது. 1832-ல் திறக்கப்பட்டது. 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்த மதகு இருந்த இடத்துக்கு முதலில் 'ஃபர்ஸ்ட் ராப்பிட்ஸ்' என்றுதான் பெயர். இந்தியாவில் பணியாற்றிவிட்டு அங்கே போன ஒரு ஆங்கிலேயருக்கு, அந்த இடத்தைப் பார்த்ததும் பூந்தமல்லி ஞாபகம் வந்துவிட்டதாம். பெயர் ஒட்டிக்கொண்டது.

குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஆற்றங்கரையைப் பார்த்து ஒருவருக்கு எப்படி பூந்தமல்லி ஞாபகம் வந்தது என்று கேட்கக் கூடாது. டொராண்டோவில் இருக்கும் உறவினர்கள் காரில் சில மணி நேரத்தில் போய் ஒரு செல்ஃபி அனுப்பலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

வரதராஜப் பெருமாள் கோயிலில் தொடங்கலாம். ஊருக்குள்ளேயே வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களில் இது செவ்வாய்க்குரியது. மாங்காடு சுக்கிரனுக்கு, போரூர் குருவுக்கு, கோவூர் புதனுக்கு, குன்றத்தூர் ராகுவுக்கு என்று எல்லாமே ஒரு வண்டிக்குள் அடங்கும் தூரம். நம்பிக்கை இருப்பவர்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். குன்றத்தூர் பெரியபுராணம் எழுதிய சேக்கிழாரின் ஊர் என்பது கூடுதல் தகவல். மாங்காடு காமாட்சி, திருவேற்காடு கருமாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் அந்தப் பக்கம் போய் டிராஃபிக்கில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கோயில் வேண்டாம் என்பவர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பரில் இதிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர்தான் அடையாறு வழியாக நகரத்தை மூழ்கடித்தது என்பதால், மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் சென்னையில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்க்கப்படுகிறது. ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் பிக் பாஸ் வீடு.

கோட்டையைப் பார்க்க என்று இன்று யாரும் பூந்தமல்லிக்கு டிக்கெட் எடுப்பதில்லை. இந்த ஊர் விஷயத்தில் வருத்தம் அதுதான். ஐயப்ப நாயக்கர் இங்கே இருந்தார் என்று சொல்ல ட்ரங்க் ரோட்டில் ஒரு சின்ன நீலப் பலகை வைத்தால்கூட, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் படிப்பார்கள்.

ரயில் வராத ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை பூந்தமல்லியைத் தொடாமல் வடக்கே ஆவடி, திருவள்ளூர் வழியாகப் போய்விட்டது. பக்கத்து ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது அதுதான். அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது, ஆவடிக்கு டாங்க் தொழிற்சாலை வந்தது. நாயக்கர் காலத்திலிருந்து தலைமையிடமாக இருந்த பூந்தமல்லி, சாலையை மட்டும் நம்பி சின்ன ஊராகவே நின்றுவிட்டது. இப்போது ஆவடி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சியை அதனுடன் இணைக்கும் திட்டம் 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

தண்டவாளம் இந்த ஊருக்கு வர கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ பாதையில், 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுநர் இல்லாத ரயில். பாதையை இன்னும் மேற்கே, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பரந்தூர் வரை நீட்டிக்கவும் திட்டம் இருக்கிறது.

வீட்டு மனை விளம்பரங்களில் 'மெட்ரோவிலிருந்து 5 நிமிடம்' ஏற்கெனவே வந்துவிட்டது. வாடகையும் அதே வேகத்தில் ஏறுகிறது. திருக்கச்சி நம்பி பூக்கூடையோடு நடந்த திசையில்தான் இந்தத் தூண்கள் எழும்பியிருக்கின்றன.